முதுகுதான் தெரியும்

காவிரிக்கு இந்தப் பக்கம், தறிச் சத்தம் ஓய்ந்தால்தான் தூக்கம் கலைகிற ஓர் ஊரில், ராசப்பன் முதலாளியின் தறிப்பட்டறை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டிருந்த, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு கேமரா, தன் எதிரில் யார் வந்து நின்றாலும் அவர்களுடைய முகத்தை விட்டுவிட்டு முதுகைக் காட்டத் தொடங்கியது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில்தான். அன்றைக்கு இடி இடிக்கவில்லை, யாருக்கும் அருள் வரவில்லை, பட்டறைப் பெண்கள் வழக்கம்போல ஊடை நூல் அறுந்த தறியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் சம்யுக்தாவும் வழக்கம்போல எங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

திரையில் முதலில் வந்தது பாவாயியக்காவின் முதுகு. கேமராவுக்குக் கீழேயே திரையை மாட்டியிருந்தோம் என்பதால் அக்கா இரண்டுக்கும் நேர் எதிரில், எங்களைப் பார்த்துச் சிரித்தபடிதான் நின்றிருந்தார்; திரையிலோ கொண்டையும், கொண்டைக்குக் கீழே வியர்வையில் ஒட்டிய ரவிக்கையும், பஞ்சு படிந்த துண்டின் முடிச்சும் தெரிந்தன. அவர் தலையைச் சொறிந்தார். திரையில் இருந்த முதுகும் தன் தலையைச் சொறிந்தது.

"என்ற கொண்டை இத்தனை கோணலாவா இருக்குது?" என்றார் அக்கா. "காத்தால இருந்து ஒருத்திகூடச் சொல்லலியேடி."

அந்த அதிசயத்துக்கு ஊர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் பதிலைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நெய்யும்போதே துணியில் குறை கண்டுபிடிக்கிற கேமரா, இதுதான் கல்லூரிக் கடைசி வருடத்தில் நானும் சம்யுக்தாவும் எடுத்துக்கொண்ட வேலை. கேமராவின் உள்ளே இருக்கிற கண், அதாவது சென்சார், தானாக எதையும் பார்த்துவிடாது. அதற்கு எந்த வரிசையில் மின்சாரம் தர வேண்டும், எப்போது எழுப்ப வேண்டும், என்ன கேட்டால் என்ன பதில் சொல்லும் என்பதையெல்லாம் ஒரு சின்ன பலகைக் கணினிக்குச் சொல்லித்தருகிற நிரலுக்குப் பெயர் டிரைவர். நான் டிரைவர் எழுதுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து பட்டறையில் எனக்கு டிரைவரம்மிணி என்றே பெயர். "எழுதறதுக்கு என்ன கண்ணு இருக்குது, எட்டுப் போட்டுக் காட்டுனா லைசன்ஸ் குடுத்துருவாங்களே" என்று பாவாயியக்கா கேட்டது கேலியா நிஜமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்தக் கண் வாரக்கணக்கில் எங்களுக்குப் பதிலே சொல்லவில்லை. முகவரி சொல்லிக் கூப்பிட்டால் அது தன் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாங்களோ முகவரியை ஓர் இலக்கம் தள்ளிப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு, வீட்டில் ஆளில்லை என்று சார்களிடம் முறையிட்டுக்கொண்டிருந்தோம். பிறகு பதில் வந்தது. படம் பச்சையாக வந்தது, பட்டறையே பாசி பிடித்த குளத்துக்குள் கிடப்பதுபோல. நிற வரிசையை மாற்றிப் போட்டதும் மனிதர்கள் மனித நிறத்துக்கு வந்தார்கள். ஆனால் கேமராவைத் தலைகீழாக மாட்டியிருந்ததால் எல்லோரும் கூரையில் நின்று தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சரிசெய்ய சென்சாருக்குள் ஓர் இடம் உண்டு. அங்கே முதல் பொத்தானை அழுத்தினால் இடம் வலமாகும், இரண்டாவதை அழுத்தினால் மேல் கீழாகும். முதலாவதுக்கு எண் ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு; இரண்டையும் சேர்த்து அழுத்துவதற்கு மூன்று என்று எழுத வேண்டும். மூன்றாவதாகவும் ஒரு பொத்தான் இருந்தது, அதன் எண் நான்கு. அதற்கு நேரே சென்சாரின் கையேட்டில் ஒரே ஒரு வார்த்தை: ரிசர்வ்டு.

"யாருக்கு ரிசர்வ்டு?" என்று நான் கேட்டேன்.

"தொடாதேன்னு அர்த்தம்டி."

"யாருக்குன்னு எழுதாம ரிசர்வ்டுன்னு மட்டும் எழுதினா அது கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிறது. நான் ஒத்துக்க மாட்டேன்."

"ரிசர்வ்டு பெட்டியில டிக்கெட் இல்லாம ஏறினா டி.டி.ஆர். நடுவழியில இறக்கி விட்ருவாரு, தமா. அப்புறம் நான்தான் உன் பெட்டியைத் தூக்கிட்டு நடக்கணும்."

தமயந்தி என்கிற என் பெயரைத் தமா என்று சுருக்குவதற்கு அவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. நான் மூன்றாவது பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். மூன்று ஏழானது. இடம் வலமானது, மேல் கீழானது, முன் பின்னானது. காரணம் அவ்வளவுதான்.

துறைத் தலைவர் வந்து பார்த்தார், எதிரில் நின்று தன் வழுக்கையின் பின்பகுதியை முதல் முறையாகத் தரிசித்தார், வேலை செய்கிற எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கும் குறை இல்லை. தறியில் மேல்பக்கம் மட்டும் தெரியும் துண்டுக்கு, கேமரா அடிப்பக்கத்தைக் காட்டியது; முடிச்சும் தொங்கல் நூலும் விட்டுப்போன ஊடையும் எப்போதும் அடிப்பக்கத்தில்தானே ஒளிந்துகொள்ளும். "முன்னால பளபளன்னு இருக்கிறதை எவன் வேணா பாத்துக்குவான். இதுதானுங்க எனக்கு வேணும்" என்றார்.

பிறகு ஊர் வந்தது. முதலில் பக்கத்துத் தெரு தையல்காரர் காதர் பாய், பின்கழுத்து டிசைன் போட்ட ரவிக்கைக்காரிகளை அழைத்துவந்து காட்டி, இனி அளவு சரியில்லை என்று ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டார். முடிதிருத்துகிறவர் பின்கண்ணாடி பிடிக்கிற வேலையை விட்டுவிட்டு ஆளையே இங்கே அனுப்பினார். முதுகில் கட்டி வந்தவர்கள், தேமல் வந்தவர்கள், ஜடைக்குப் பூ தைத்த கல்யாணப் பெண்கள், வேட்டி பின்னால் கறையாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வார்டு உறுப்பினர் இரு கையும் கூப்பி நின்றார், திரையில் கும்பிடு தெரியாததால் கோபித்துக்கொண்டு போனார். கோயில்காரர்கள் மட்டும் வந்து, மாரியம்மன் தேர் இந்தத் தெருவைக் கடக்கும்போது அரை மணி நேரம் கேமராவை அணைத்து வைக்க வேண்டும், அம்மனின் முதுகைப் பூசாரியைத் தவிர வேறு யாரும் பார்க்கிற வழக்கம் இல்லை என்றார்கள். அணைத்து வைத்தோம். அது நியாயமான கோரிக்கையாகத்தான் எனக்குப் பட்டது.

எதிரில் நின்றால் முதுகு என்றால், திரும்பிப் போனால் முகம். இதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. போய்வருகிறேன் என்று சிரித்துச் சொல்லிவிட்டு யாராவது வாசலைப் பார்த்து நடக்கும்போது, திரையில் அவர்களுடைய முகம் வந்தது. அந்தச் சிரிப்பு அதில் எத்தனை அடி வரைக்கும் தங்குகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தைக் காப்பி கொடுத்து, பட்டறையைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூட்டிவந்து, அவர்கள் திரும்பிப் போகிற முகத்தைப் பார்த்துவிட்டு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பெண் வீட்டார் முடிவெடுத்தார்கள். நாத்தனார்கள் பின்பக்கமாகவே நடந்து வெளியே போகப் பழகினார்கள். யாரும் இதை விசித்திரம் என்று சொல்லவில்லை. புதிதாகக் குழாய் போட்ட தெருவில் தண்ணீர் வரும் நேரம் தெரிந்துவிடுவதுபோல, இந்தக் கேமராவின் எதிரில் எப்படி நிற்பது என்பதும் தெரிந்துபோயிற்று.

இனி சம்யுக்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுடைய அம்மா பழனாயி இதே பட்டறையில்தான் கால் வீங்கும்வரை தறி ஓட்டினார். அவள் குழந்தையாக இருந்தபோது தறிக்குப் பக்கத்தில் தூளியில் கிடந்தவள். அந்தச் சத்தத்தில் அம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை, உதட்டைத்தான் பார்த்திருக்கிறாள். தறிக்காரப் பெண்கள் குரல் எழுப்பிப் பேச மாட்டார்கள், பேசினாலும் கேட்காது. நாலு தறி தள்ளி நிற்கிறவளிடம் உதட்டை மட்டும் அசைத்து மாமியார் சண்டை முழுவதையும் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற முதலாளிக்கு ஒரு எழுத்தும் புரியாது. அவர் நூல் வியாபாரத்திலிருந்து வந்தவர். நான் தர்மபுரிக்காரி, பஸ் கண்டக்டர் மகள், எனக்கும் புரியாது. சம்யுக்தா எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லித்தந்தாள். வாய் திறக்கும், உதடு ஒட்டும், பல் தெரியும், மறுபடி வாய் திறக்கும்: சாப்டியா. தறிகளுக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் மதியம் அவள் அதைக் கேட்பாள், நான் இல்லையென்று தலையாட்டுவேன், ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவோம். அவள் இல்லாமல் நான் அந்த ஊரில் ஒருநாளும் தனியாகச் சாப்பிட்டதில்லை.

பட்டறைப் பெண்களுக்கு ஒரு கோரிக்கை இருந்தது, அது கேமராவுக்கு மூத்தது. ஒரு கழிப்பறை, கதவு போட்டது. அது இல்லாததால் வாய்க்கால் மேட்டுக்குப் போனார்கள். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். கேட்டபோதெல்லாம் முதலாளி ஆகட்டும் என்றார். எனவே வடக்கிலிருந்து துணி வாங்குகிறவர்கள் வருகிற நாளில், அவர்கள் காரிலிருந்து இறங்குகிற நேரத்தில், எல்லாத் தறியையும் ஒன்றாக நிறுத்திவிட்டுக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு காகிதத்தில் இல்லை, போனில் இல்லை, காற்றில்கூட இல்லை. உதட்டிலிருந்து உதட்டுக்குப் போய், பாவாயியக்காவிடம் வந்து சேர்ந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அக்கா சொன்னார். நான் சம்யுக்தாவிடம் சொன்னேன். அவளுக்குச் சொல்லத் தேவையே இல்லை, அவள் ஏற்கெனவே வாசித்திருந்தாள்.

அந்த வாரம் முதலாளி திரையை, பட்டறைப் பின்சுவருக்கு அப்பால் இருந்த தன் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஊர்க்கூட்டம் தொல்லையாக இருக்கிறதாம். கேமராவையும் உத்தரத்திலிருந்து கழற்றிப் பெண்களுக்குப் பின்னால் சுவரில் மாட்டச் சொன்னார். எந்தத் தறி ஓடவில்லை என்று மொத்தமாகப் பார்க்க வேண்டுமாம்.

பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பொறத்தால வெச்சா மூஞ்சி தெரியுமுல்ல" என்றார் பாவாயியக்கா. "நாங்க என்ன பேசறோம், எவ கண்ணைக் கசக்கறா, எல்லாமுல்ல தெரியும். எங்க மூஞ்சியை அந்தாளு எதுக்குப் பாக்கணும்?"

சரியான கேள்வி. நான் முதலாளியின் அறைக்குப் போய் வாதாடினேன். துணியைப் பார்க்கத்தான் கேமரா, ஆளைப் பார்க்க இல்லை, அப்படிச் சொல்லித்தான் இவர்களிடம் அனுமதி வாங்கினேன் என்றேன். அவர் உடனே இறங்கிவந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இறங்கிவருகிறவரை எல்லாம் சந்தேகப்பட்டால் பிறகு எதற்காக வாதாடுவது? "சரி, அந்த ஏழு நம்பரை மூணாக்கிடுங்க. சாதாரண கேமராவாட்டம் ஆயிரும். பின்னால மாட்டினா முதுகுதானே தெரியும்" என்றார் அவர். ஏழு, மூன்று என்கிற கணக்கு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் எனக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. சம்யுக்தா பட்டறைக்குப் போனாள். மதியம் போன் வந்தது.

"சாப்டியாடி?"

"இன்னும் இல்ல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். ரிசர்வ்டு பெட்டியிலேர்ந்து இறங்கியாச்சு. இனிமே உங்க பாவாயியக்காவோட கொண்டைதான் முதலாளிக்கு."

எதற்கும் ஆதாரம் கேட்கிறவள் நான். வகுப்பில் சார்கள் என்னைக் கண்டாலே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்கள். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. சிநேகிதியிடம் ஆதாரம் கேட்டால் அது சிநேகிதம் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், இதில் திருத்திக்கொள்ள வேண்டியது நான் இல்லை என்றும் நினைக்கிறேன். சாயங்காலம் பட்டறைக்குப் போய், தறிகளுக்கு நடுவில் நின்று, கையால் முதுகைத் தொட்டுக் காட்டி, "இனி முதுகுதான் தெரியும், நான் பொறுப்பு" என்று ஒவ்வொருவர் காதிலும் கத்திச் சொன்னேன். பாவாயியக்கா என் கன்னத்தைத் தட்டினார். "நீ சொன்னாச் சரி கண்ணு."

வடக்கத்திக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், பாவாயியக்காவை முதலாளி கூப்பிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஏன் என்று அக்கா கேட்டார். "கார் கதவு திறந்ததும் தறியை நிறுத்தணும், நான் துண்டை உதறினா அதுதான் அடையாளம்" என்று, அக்கா ஆறாவது தறிக்காரிக்கு உதட்டால் சொன்ன வார்த்தைகளை, ஒன்று விடாமல், முதலாளி தன் குரலில் திருப்பிச் சொன்னார்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் அக்கா நின்றிருந்தார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றிருந்தார், தோளில் அந்தத் துண்டு இருந்தது.

"முதுகுதான்னு சொன்னியே கண்ணு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதில் எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. நான் அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, முதலாளி வடக்கத்திக்காரர்களை அழைத்துவர ஈரோடு போயிருந்ததால் யாரும் தடுக்காமல், கண்ணாடி அறைக் கதவைத் திறந்தேன்.

முதலாளியின் நாற்காலியில் சம்யுக்தா உட்கார்ந்திருந்தாள். எதிரே திரை. திரையில் முகங்கள். வரிசையாக, தறிக்கு ஒன்றாக, பஞ்சு ஒட்டிய புருவங்களும் வறண்ட உதடுகளுமாக எங்களையே பார்த்தபடி, சத்தமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்த அந்த முகங்களோடு சேர்ந்து அவளுடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது, பாடம் படிக்கிற குழந்தையின் உதடு அசைவதுபோல.

"எழுதிட்டேன்னு சொன்னே" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "உட்காரு தமா. கத்தாதே."

"மூணுன்னு எழுதிட்டேன்னு சொன்னே."

"ஏழுதான் இருக்கு. நீ எழுதின ஏழு. அதுல நான் ஒரு புள்ளிகூட மாத்தல. ரிசர்வ்டு பெட்டியில ஏறினது நீ. நான் இறக்கி விடல, அவ்வளவுதான்."

"பொய் சொன்னதுக்கு இது பேரா?"

"பேரு வைக்கிறது உன் வேலை. வெச்சுக்கோ."

"அங்க நிக்கிறவங்க உங்க அம்மாகூட நின்னவங்கடி. உன்னைத் தூளியில ஆட்டினவங்க. அந்த உதட்டைப் பார்த்துத்தான் நீ பேசக் கத்துக்கிட்டே. அதை நீ அவருக்கு வாசிச்சுக் காட்டுவியா?"

"என் அம்மாவைப் பத்தி எனக்கு நீ சொல்லாதே." அவள் குரல் அப்போதுதான் ஏறியது. "வாய்க்கால் மேட்டுக்கு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நான் போயிருக்கேன், நீ போகல. கக்கூஸ் வந்துட்டா மட்டும்? கதவு போட்ட கக்கூஸ்ல போயிட்டு வந்து திரும்பவும் அதே தறியிலதான் நிக்கணும். எனக்கு இந்தச் சத்தமே வேண்டாம். இவரு மகனோட பெங்களூர் கம்பெனியில கேமரா டீமில எடம் தரேன்னு சொன்னாரு. ஒரு வாரம் வாசிச்சுச் சொல்லுன்னாரு. சொன்னேன்."

"ஒரு கம்பெனி வேலைக்கு."

"உனக்கு ஒரு கம்பெனி இல்லன்னா இன்னொண்ணு. வாய் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு, இன்டர்வியூல சண்டை போட்டே வாங்கிடுவே. எனக்கு வந்தது இது ஒண்ணுதான்."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, குளிக்கும்போது, பஸ்ஸில், தேர்வு அறையில் அந்தப் பதிலை நான் விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: "லேப்டாப்பைக் கொடு. நான் மூணாக்கறேன்."

"பாஸ்வேர்டை மாத்திட்டேன்" என்றாள் சம்யுக்தா, சாப்பாட்டில் உப்புப் போட்டுவிட்டேன் என்கிற குரலில்.

நான் வெளியே வந்தேன். பட்டறைக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் டிரைவர், என் ஏழு, நான் கையால் சாலிடர் வைத்த பலகை, எல்லாம் சுவரில் எட்டாத உயரத்தில் இருந்தன, எதுவும் என்னுடையதாக இல்லை. உள்ளே போய்க் கத்தினால் கேட்காது. காதுக்குக் காது போய்ச் சொன்னால் கேட்கிற ஒவ்வொருத்தியின் முகமும் திரையில் மாறும், அடுத்தவளுக்கு உதட்டால் சொல்வாள், அதை இவள் வாசிப்பாள். தொட்டிப் பக்கம் வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் வாசித்தது என்பதையும் சொன்னேன். அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம பழனாயி மகளா" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தப் பொட்டி இன்னும் முன்னப் பின்ன மாத்தித்தான் காட்டுதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க்கா. ஏழுதான் இருக்கு."

"அப்ப அதுக்கு நேரா நின்னுட்டா முதுகுதானே."

நான் அவரைப் பார்த்தேன். வாரக்கணக்காக ஊரே அதன் எதிரில் நின்று பழகியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்குத் தெரிந்தது, நாத்தனார்களுக்குத் தெரிந்தது.

பாவாயியக்கா பட்டறைக்குள் போனார். சுவர் ஓரமாக நடந்து, தறிகளைத் தாண்டி, பெண்களுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் போய் நின்றார்; அவர்களையும், அவர்கள் தலைக்கு மேலே தூரத்தில் இருந்த கேமராவையும் நேருக்கு நேராகப் பார்த்தபடி. அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியாது, ஏனென்றால் அவளுடைய திரையில் தெரிந்தது ஒரு கோணல் கொண்டை மட்டும்தான். அக்கா சொல்லி முடித்தபோது வெளியே கார் வந்து நின்றது, கதவு திறந்தது, அக்கா துண்டை உதறினார், பஞ்சு பறந்தது.

முதல் தறி நின்றது. அந்தத் தறிக்காரி திரும்பிக் கேமராவைப் பார்த்து நின்றாள். இரண்டாவது நின்றது, மூன்றாவது நின்றது, ஒவ்வொரு தறியாக நிற்க நிற்க ஒவ்வொருத்தியாகத் திரும்பி அதைப் பார்த்து நின்றார்கள், இதுவரை ஒளித்துப் பேசியதை எல்லாம் அதன் முகத்துக்கு நேராகவே பேசினார்கள், உதட்டால் இல்லை, குரலால், ஊருக்குத் தூக்கம் கலைகிற அந்த அமைதிக்குள் முழுக் குரலால். திரையிலோ ரவிக்கையின் கொக்கிகளும் ஈரமும் கொண்டைகளும் வரிசையாக நின்றன.

வடக்கத்திக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி இளம் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே பாத்ரூம் எங்கே என்று அவள்தான் முதலாளியிடம் முதலில் கேட்டாள். அதன் பிறகு முதலாளி பேசியது எல்லாம் வழக்கமான பேச்சு. ஆகட்டும் என்று சொல்லவில்லை, நாளையிலிருந்து குழி தோண்டுகிறோம் என்றார். குழி தோண்டினார்கள், சுவரும் எழும்பியது, கதவு மட்டும் இதை எழுதுகிற வரைக்கும் வரவில்லை; பழைய சாக்கு ஒன்று தொங்குகிறது. அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அக்கா இப்போது வேறு பட்டறையில் ஓட்டுகிறார்.

அன்றைக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது.

பெண்கள் முதலாளியைச் சூழ்ந்துகொண்டிருந்தபோது நானும் பாவாயியக்காவும் கண்ணாடி அறைக்குப் போனோம். நாற்காலி காலி. மேஜையில் எங்கள் டப்பா இருந்தது, திறக்காமல். திரையில், நின்றுபோன தறிகளுக்கு நடுவே, சம்யுக்தா தோளில் பையோடு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்தாள், அதனால் திரையில் அவளுடைய முகம் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, வரவரச் சிறியதாகிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. உதடு அசைந்தது. வாய் திறந்தது, உதடு ஒட்டியது, பல் தெரிந்தது, மறுபடி வாய் திறந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை. என் கை தானாக டப்பாவின் மேல் போயிற்று. அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் என் தலை ஆடிவிட்டது, இல்லை, இன்னும் இல்லை என்று.

"அக்கா, அவ என்கிட்ட..."

பாவாயியக்கா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"காதுல ஒயரு மாட்டியிருக்கா கண்ணு" என்றார். "போன்ல யாருகிட்டயோ."